நாலு பிள்ளைகள் போதும்

2025 ஜூலை 11 அன்று பாரிஸில் கூடிய யுனெஸ்கோ உலக மரபுக் குழு, மராட்டியர் காலப் போர்க் கோட்டைகள் 12-ஐ உலக மரபுப் பட்டியலில் சேர்த்தது. பதினொன்று மகாராஷ்டிரத்தில் இருக்கின்றன. மிச்சம் ஒன்று நம் செஞ்சிக் கோட்டை. அன்றிலிருந்து ஊரில் பேச்செல்லாம் சுற்றுலாவைப் பற்றித்தான். லாட்ஜ் கட்டலாமா, ஓட்டல் போடலாமா, திண்டிவனம் சாலையில் இடம் வாங்கிப் போட்டால் விலை ஏறுமா என்று டீக்கடைகளில் கணக்குப் போடுகிறார்கள். வெளியூர்க்காரர்கள் வரட்டும், செலவு செய்யட்டும், யாருக்குக் கசக்கும்? ஆனால், கோட்டையைப் பார்க்க வருகிறவர் பகலில் ஏறி, மாலையில் இறங்கி, இரவுக்குத் திருவண்ணாமலைக்கோ புதுச்சேரிக்கோ போய்விடுகிறார். அந்தப் பழக்கம் மாறப் பல வருஷம் ஆகும்.

இதற்கிடையில், இந்த ஊரில் ஏற்கெனவே கைவசம் இருக்கும் ஒன்றைப் பற்றி யாரும் பேசுவதில்லை. செஞ்சியிலும் சுற்றியுள்ள கிராமங்களிலும் டிகிரி முடித்த பெண்ணுக்கு அடுத்த படிப்பு பெரும்பாலும் பி.எட்.தான். அதை முடித்துவிட்டு, 2012 முதல் நடந்துவரும் ஆசிரியர் தகுதித் தேர்வையும் எழுதிவிட்டு, பணி நியமனத்துக்குக் காத்திருக்கும் பெண்கள் தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள். சிலர் தனியார் பள்ளிகளுக்குப் போகிறார்கள். பஸ் கட்டணமும் நல்ல புடவையும் போக அந்தச் சம்பளத்தில் என்ன மிஞ்சும் என்பது அவர்கள் வீட்டாருக்குத் தெரியும். குழந்தை பிறந்ததும் அதுவும் நின்றுபோகிறது. கணிதம் படித்தவர், இயற்பியல் படித்தவர், தமிழ் இலக்கியத்தில் முதுகலை முடித்தவர் எல்லாரும் வீட்டில் சொந்தப் பிள்ளைக்கு ஹோம்வொர்க் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

‘வீட்டில் இருந்தபடியே ஆன்லைனில் பாடம் எடுக்கலாமே’ என்று இவர்களுக்கு யோசனை சொல்வது இப்போது சுலபமாகிவிட்டது. சொல்கிறவர்கள் அடுத்த மூச்சில் எந்த கேமரா, எந்த மைக், எந்த ஆப் என்று பட்டியல் போடுவார்கள். அல்லது ‘இந்த கம்பெனியில் பதிவு செய்யுங்கள்’ என்பார்கள். இரண்டுமே தப்பான தொடக்கம் என்பது என் கட்சி. நாலு பிள்ளைகள், ஒரு பாடம், ஒரு கைப்பேசி, குறுக்கே ஆள் இல்லாத சம்பந்தம். இதுதான் சரியான அளவு. இதைவிடப் பெரிதாகத் தொடங்கினவர்களின் கதை நம் கண் முன்னாலேயே நடந்து முடிந்திருக்கிறது.

பெரிதாகத் தொடங்கியவர்கள் யார்? பெங்களூரின் பைஜூஸ் நிறுவனம் 2011-ல் தொடங்கியது. கொரோனா காலத்தில் ஊதிப் பெருத்து, 2022-ல் 2,200 கோடி டாலர் மதிப்புள்ளது என்று பேசப்பட்டது. 2024 ஜூலையில் திவால் நடவடிக்கைக்கு உள்ளானது. நடுவில், 2020 ஆகஸ்டில், 30 கோடி டாலர் கொடுத்து அது வாங்கிய ஒயிட்ஹேட் ஜூனியர் என்ற கம்பெனிதான் நம் விஷயத்துக்குப் பக்கத்தில் வருகிறது. சின்னப் பிள்ளைகளுக்கு கணினி நிரல் எழுதச் சொல்லிக்கொடுப்பதாக விளம்பரம் செய்த அந்த கம்பெனியில் பாடம் எடுத்தவர்களில் பெரும்பாலோர் வீட்டிலிருந்தபடி வேலை பார்த்த பெண்கள். பாடத்தை கம்பெனி எழுதியது, கட்டணத்தை கம்பெனி வாங்கியது, மாணவர் யார் என்பதையும் கம்பெனியே முடிவு செய்தது. ஆசிரியைக்கு வகுப்புக்கு இவ்வளவு என்று கூலி. கடையைக் கட்டும் நாள் வந்தால் இத்தனை மாதம் அவர் சொல்லிக்கொடுத்த பிள்ளையின் அம்மாவுடைய போன் நம்பர்கூட அவர் கையில் இருக்காது. விளைந்த நெல்லைக் களத்திலேயே வியாபாரிக்கு அளந்துவிட்டு, ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் என்ன விலை போனது என்று தெரியாமல் இருப்பது போன்ற நிலை அது. செஞ்சிக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

சின்னதாகத் தொடங்கிய ஒருவரின் கதையும் உண்டு. 2004-ல் பாஸ்டனில் நிதி நிறுவனம் ஒன்றில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார் சல்மான் கான் (சினிமாக்காரர் அல்ல). நியூ ஆர்லியன்ஸில் இருந்த அவருடைய உறவுக்காரச் சிறுமி நாடியாவுக்குக் கணக்கில் ஒரு சங்கடம்: அலகுகளை மாற்றத் தெரியவில்லை. அதற்காகப் போனிலும் யாஹூவின் வரைபலகையிலும் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தார். பிறகு அவள் தம்பிகள், பிறகு மற்ற உறவுப் பிள்ளைகள். எல்லாருக்கும் நேரம் ஒதுக்க முடியாமல் போனபோது, 2006-ல், பாடங்களைப் பதிவு செய்து யூடியூபில் போட்டார். வேலையை விட்டது 2009-ல். இன்று உலகம் முழுக்கத் தெரிந்த கான் அகாடமியின் தொடக்கத்தில் ஒரு பிள்ளைக்கு வந்த ஒரு சந்தேகம்தான் இருந்தது. ஸ்டுடியோவும் கிடையாது, முதலீட்டாளரும் கிடையாது. அவர் ஐந்து வருஷம் சம்பளத்தைக் கையில் வைத்துக்கொண்டே சொல்லிக்கொடுத்தார் என்பதையும் கவனிக்க வேண்டும். முதல் மாதமே வருமானம் வேண்டும் என்ற நெருக்கடி அவருக்கு இல்லை.

நம் பக்கத்தில் இதற்கு முன்மாதிரி தேடி அமெரிக்கா போக வேண்டியதும் இல்லை. 1822-ல் சென்னை மாகாண ஆளுநர் தாமஸ் மன்றோ உள்ளூர்ப் பள்ளிகளைக் கணக்கெடுக்க உத்தரவிட்டார். மாகாணம் முழுக்க 12,498 பள்ளிகள், 1,88,650 மாணவர்கள் என்று கணக்கு வந்தது. அவற்றில் பல, வாத்தியார் வீட்டுத் திண்ணையிலோ ஊர்ப் பெரியவர் வீட்டுத் திண்ணையிலோ நடந்தவை. கூலி நேராகப் பிள்ளையைப் பெற்றவர்களிடமிருந்து வந்தது. கொஞ்சம் காசு, கொஞ்சம் நெல், பண்டிகைக்கு ஏதாவது. அந்தப் பள்ளிகளைப் புனிதமாக்க வேண்டாம். யார் பிள்ளை திண்ணையில் உட்காரலாம், யார் பிள்ளை தெருவில்கூட நிற்கக் கூடாது என்பதும் அதே திண்ணையில்தான் தீர்மானமானது. பெண் பிள்ளைகள் மிகச் சொற்பம். ஆனால் ஒரு வீடு, ஒரு ஆசிரியர், கைக்கெட்டும் எண்ணிக்கையில் பிள்ளைகள், நடுவில் தரகர் இல்லாத கட்டணம் என்ற ஏற்பாடு இந்த மண்ணில் பல தலைமுறை வேலை செய்திருக்கிறது.

அதைவிடக் கிட்டத்து முன்மாதிரி நம் மாவட்டத்திலேயே இருக்கிறது. கொரோனாவால் பள்ளிகள் மாதக்கணக்கில் மூடிக் கிடந்தபின், 2021 அக்டோபர் 27 அன்று மரக்காணம் அருகே முதலியார்குப்பத்தில் முதல்வர் ஸ்டாலின் ‘இல்லம் தேடிக் கல்வி’ திட்டத்தைத் தொடங்கிவைத்தார். மாலையில் ஒன்றரை மணி நேரம் வரை, சுமார் 20 பிள்ளைகளுக்கு ஒரு தன்னார்வலர். மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகை. தமிழ்நாடு முழுக்க ஏறத்தாழ 2 லட்சம் பேர், பெரும்பாலும் பெண்கள், வந்து சேர்ந்தார்கள். வீட்டு வாசலில், மாரியம்மன் கோயில் மண்டபத்தில், மரத்தடியில் பாய் விரித்துப் பாடம் எடுத்தார்கள். பிந்தைய ஆண்டுகளில் திட்டம் சுருக்கப்பட்டுவிட்டது. ஆனால் அந்தப் பெண்களுக்குக் கிடைத்த பழக்கம் போய்விடவில்லை. ஒரே பாயில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளில் யாருக்கு எழுத்துக் கூட்டத் தெரியவில்லை, யாருக்குக் கழித்தலில் கடன் வாங்கத் தெரியவில்லை என்று கண்டுபிடிக்க எந்த பி.எட். கல்லூரியிலும் அவ்வளவு பயிற்சி கிடைத்திருக்காது. மாதத்துக்கு 20 நாள் என்று வைத்தால் 30 மணி நேரம். மணிக்கு 33 ரூபாய் சொச்சம். அந்தக் கூலிக்கு அரசு வாங்கிக்கொண்ட உழைப்பு அது. அந்த உழைப்பில் வளர்ந்த திறமையைத் திட்டம் சுருங்கியதோடு அப்படியே விட்டுவிட்டோம் என்பதுதான் எனக்கு ஆறாத விஷயம்.

அப்படிப்பட்ட ஒருவர் இன்று வீட்டிலிருந்து தொடங்குவதானால் முதலில் தீர்மானிக்க வேண்டியது என்ன பாடம் என்பதை அல்ல, எந்தப் பிள்ளைக்கு என்பதை. ‘எல்லா வகுப்புக்கும் எல்லாப் பாடமும்’ என்று வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போடுகிறவரை யாரும் நம்புவதில்லை. ‘ஆறாம் வகுப்பில் பின்னம் புரியாதவர்களுக்கு’ என்று போடட்டும். அந்தப் பிள்ளையின் அம்மா உடனே போன் செய்வார். செஞ்சியிலேயே இருக்கும் பிள்ளைக்கு ஆன்லைன் தேவையில்லை. அவன் சைக்கிளில் வந்துவிடுவான். ஆன்லைன் யாருக்கென்றால், சென்னையிலோ பெங்களூரிலோ ஓசூரிலோ குடியேறிவிட்ட நம் ஊர்க்காரர்களின் பிள்ளைகளுக்கு. அடுத்தது, கடல் கடந்து போனவர்களின் பிள்ளைகளுக்கு.

இந்த இரண்டாவது கூட்டத்தில் தமிழாசிரியைக்கு இருக்கும் வாய்ப்பை ஊரில் பலர் அறியவில்லை. கணக்கும் அறிவியலும் சொல்லிக்கொடுக்க உலகம் முழுக்க ஆள் இருக்கிறார்கள். தமிழ் சொல்லிக்கொடுக்க நம்மைத்தான் கேட்க வேண்டும். தமிழ் இணையக் கல்விக்கழகம் 2001 பிப்ரவரியில் தமிழ் இணையப் பல்கலைக்கழகம் என்ற பெயரில் தொடங்கியதே வெளிநாட்டுத் தமிழ்ப் பிள்ளைகளை மனதில் வைத்துத்தான். கலிஃபோர்னியாவில் 1998-ல் தொடங்கிய தமிழ்ப் பள்ளி இன்று பல கிளைகளோடு வார இறுதி வகுப்புகள் நடத்துகிறது. சிங்கப்பூரில் தமிழ் ஆட்சிமொழிகளில் ஒன்று. பள்ளித் தேர்விலும் உண்டு. வார இறுதியில் இரண்டு மணி நேரம் பள்ளிக்குப் போகும் பிள்ளைக்கு, நடுவாரத்தில் அரை மணி நேரம் தமிழில் பேச ஆள் வேண்டும். பாட்டி வீட்டுத் தமிழ் பேசும் ஆள். செஞ்சி மிஸ்ஸிடம் அது தாராளமாக இருக்கிறது.

சொல்லப்போனால் செஞ்சியே ஒரு பாடப்புத்தகம். ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்று மூன்று குன்றுகளையும் கைப்பேசியில் படம் பிடித்து, ‘இதில் எது உயரம், எப்படித் தெரியும்?’ என்று கேட்டால் ஒப்பீட்டுச் சொற்கள் வந்துவிடும். 1677-ல் சிவாஜி பிடித்தது, 1690-களில் அவர் மகன் ராஜாராம் உள்ளே இருக்க எட்டு வருஷம் வரை முகலாயப் படை வெளியே காத்துக் கிடந்தது, 1714-ல் தேசிங்கு ராஜா போரில் மாண்டது எல்லாம் கதைகள். திருநாதர் குன்றில் 24 தீர்த்தங்கரர் சிற்பங்களும், 57 நாள் உண்ணாமல் உயிர்விட்ட சமணத் துறவி சந்திரநந்தியின் கல்வெட்டும் இருக்கின்றன. நியூ ஜெர்சியில் இருக்கும் பத்து வயசுப் பிள்ளைக்கு, உலக மரபுப் பட்டியலில் இருக்கும் கோட்டையின் அடிவாரத்து வீட்டிலிருந்தே ஒருவர் தமிழில் கதை சொல்கிறார் என்றால், அதை எந்த கம்பெனியும் விற்க முடியாது.

ஆனால் நேரக் கணக்கில் ஏமாறக் கூடாது. அமெரிக்கக் கிழக்குக் கரையில் மாலை ஏழு மணி என்பது நமக்கு விடியற்காலை நாலரை, குளிர்காலத்தில் ஐந்தரை. மேற்குக் கரையில் மாலை ஆறு என்றால் இங்கே காலை ஆறரை அல்லது ஏழரை. அதாவது டிபன் பாக்ஸ் கட்டும் நேரம். லண்டன் மாலை ஐந்து மணி நமக்கு இரவு ஒன்பதரை, குளிர்காலத்தில் பத்தரை. சிங்கப்பூர் இரவு ஏழு மணி நமக்கு மாலை நாலரை. துபாய் மாலை ஐந்து நமக்கு ஆறரை. ஆக, வீட்டில் சிறு குழந்தை உள்ள பெண்ணுக்குச் சிங்கப்பூரும் துபாயும்தான் தோது. அமெரிக்காவென்றால் சனிக்கிழமை அங்கே காலை, இங்கே மாலை. அமெரிக்காவில் மார்ச்சிலும் நவம்பரிலும் கடிகாரத்தை ஒரு மணி நேரம் மாற்றி வைப்பார்கள். அந்த வாரம் வகுப்புக்கு ஒரு பக்கம் ஆள் வராமல் இருப்பது சகஜம். ‘உங்கள் ஊர் நேரமா, எங்கள் ஊர் நேரமா’ என்று முதல் நாளே எழுத்தில் பேசிவைத்துக்கொள்வது நல்லது.

இனி அறை. ஆன்லைன் பாடத்துக்கு வேண்டிய கருவிகளில் விலை கூடியது கதவு சாத்தக்கூடிய ஓர் அறைதான். நடுத்தர வீடுகளில் அது பெண்ணுக்கு எளிதில் கிடைப்பதில்லை. வகுப்பு நடக்கும்போது குக்கர் விசில் அடிக்கும், மாமனார் செய்தி சேனலைக் கூட்டி வைப்பார், ‘அம்மா, அவன் என்னை அடிக்கிறான்’ என்று சின்னவள் ஓடிவருவாள். ஆடி மாதம் பிறந்துவிட்டால் தெருமுனை அம்மன் கோயில் ஒலிபெருக்கி. ஆண் வீட்டிலிருந்து வேலை பார்த்தால் ‘அப்பா மீட்டிங்கில் இருக்கார், சத்தம் போடாதே’ என்று வீடே அடங்குகிறது. பெண் பாடம் எடுத்தால் ‘சும்மா போன்ல பேசிக்கிட்டிருக்கா’ என்கிறோம். இந்தத் தொழிலின் முதல் முதலீடு, வகுப்புக்கென்று வீட்டாரோடு பேசி வாங்கும் நாற்பது நிமிஷம். அதைக் கொடுக்காத வீட்டில் எவ்வளவு நல்ல மைக் வாங்கினாலும் பலனில்லை.

கருவியென்று பெரிதாக ஒன்றும் வேண்டாம் என்பதை செஞ்சியிலேயே எனக்குத் தெரிந்த ஒரு டீச்சர் வீட்டில் பார்த்தேன். மேசையில் பழைய பிளஸ் டூ கைடுகளை இரண்டு அடுக்காக, ஒரு சாண் உயரத்துக்கு அடுக்கியிருந்தார். இரண்டுக்கும் குறுக்கே இரண்டு மர ஸ்கேல்கள். அவற்றின் மேல் கைப்பேசி குப்புறக் கிடந்தது. கேமரா மட்டும் இடைவெளிக்கு நேராக. கீழே நோட்டுப் புத்தகம். அவர் எழுத எழுத, அந்தக் கை அப்படியே பிள்ளையின் திரையில் தெரிகிறது. டேபிள் லாம்ப் இடப்பக்கம். வலக்கையால் எழுதுகிறவருக்கு வலப்பக்கத்திலிருந்து வெளிச்சம் வந்தால் எழுதும் இடத்திலேயே கை நிழல் விழும். முகம் காட்ட, அரசு பிளஸ் டூவில் கொடுத்த பழைய லேப்டாப். பேட்டரி செத்துப்போய்விட்டது, ஒயரைச் செருகினால் ஓடும். 2011-ல் தொடங்கிய அந்தத் திட்டத்தின் லேப்டாப்புகள் இப்படி எத்தனையோ வீட்டு பீரோக்களில் தூங்குகின்றன. ஒரே வகுப்புக்குள் இரண்டு கருவிகளும் நுழைவதால் ஒன்றின் மைக்கையும் ஸ்பீக்கரையும் அடைத்துவிட வேண்டும்; இல்லாவிட்டால் ஊளையிடும். புதிதாகத் தொடங்குகிறவர்கள் பலர் இன்னொரு விஷயத்தில் பதறுவார்கள். முகம் காட்டும் கேமரா முன் எழுதிக் காட்டினால் தன் திரையில் எழுத்து கண்ணாடியில் தெரிவதுபோலத் திரும்பித் தெரியும். எதிர்ப்பக்கம் பிள்ளைக்கு அது நேராகத்தான் தெரிகிறது.

திரைக்கு அந்தப் பக்கம் அவருடைய மாணவர்களும் ஆளுக்கொரு சிலேட்டு வைத்திருந்தார்கள். டீச்சர் கேட்டதும் விடையை எழுதி கேமராவுக்கு நேராகத் தூக்கிக் காட்ட வேண்டும். நோட்டில் பென்சிலால் எழுதினால் திரையில் மங்கும். கறுப்புச் சிலேட்டில் வெள்ளைப் பலப்பம் பளிச்சென்று தெரிகிறது. நாலு பேர் என்பதால் நாலு சிலேட்டையும் ஒரே பார்வையில் பார்த்துவிடலாம். யார் தப்பு, எந்த இடத்தில் தப்பு என்று அங்கேயே தெரிகிறது. ‘புரிஞ்சுதா?’ என்று கேட்டு ‘புரிஞ்சுது மிஸ்’ என்று பதில் வாங்கிக்கொண்டு நகர்கிற ஆன்லைன் வகுப்புகளிலிருந்து இது எங்கேயோ இருக்கிறது. நாற்பது பேர் இருந்தால் இது நடக்காது. கொரோனா காலத்து ஆன்லைன் வகுப்புகள் தோற்றதற்குக் காரணம் இணையம் மட்டுமல்ல. வகுப்பறையின் நாற்பது பேரை அப்படியே திரைக்குள் தள்ளி, கேமராவை அணைத்த நாற்பது கறுப்புக் கட்டங்களைப் பார்த்துப் பேசியது பெரிய காரணம்.

நேரமும் அளவாக இருக்கட்டும். ஜூம் இலவசக் கணக்கில் நாற்பது நிமிஷத்தில் தானாகத் துண்டித்துவிடும். பலர் இதைக் குறையாகச் சொல்கிறார்கள். பிள்ளைகளுக்கு அது வரம். மத்திய மனிதவள மேம்பாட்டு அமைச்சகம் (இன்றைய கல்வி அமைச்சகம்) 2020 ஜூலையில் வெளியிட்ட ‘பிரக்யதா’ வழிகாட்டுதலே எட்டாம் வகுப்பு வரை ஒரு நாளைக்கு 30 முதல் 45 நிமிஷ வகுப்புகள் இரண்டுக்கு மேல் வேண்டாம் என்றது. ஒன்றாம், இரண்டாம் வகுப்புப் பிள்ளைக்கு அம்மாவோ பாட்டியோ பக்கத்தில் உட்காராமல் ஆன்லைனில் பாடம் எடுப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். அந்த வயசுப் பிள்ளைக்கு விரலைப் பிடித்து எழுத வைக்க ஒரு கை வேண்டும்.

மின்தடைக்கு வழி உண்டு. மாதாந்திரப் பராமரிப்புத் தடை முன்கூட்டியே நாளிதழில் வந்துவிடுகிறது. அன்றைக்கு வகுப்பை மாற்றிவிடலாம். திடீர்த் தடைக்கு, ரவுட்டரை மட்டும் சில மணி நேரம் ஓட்டக்கூடிய சின்ன யுபிஎஸ் கிடைக்கிறது. கைப்பேசி டேட்டாவை மட்டும் நம்பினால், ஒரு மணி நேர வீடியோ வகுப்பு 1 ஜிபி வரை தின்றுவிடும். அன்றாடக் கோட்டாவில் பாதி காலி.

பணத்தைப் பற்றிப் பேசக் கூச்சப்படுவது நம் ஆசிரியைகளின் பெரிய பலவீனம். ‘நீங்க பார்த்துக் கொடுங்க’ என்பார்கள். பெற்றோர் பார்த்துக் கொடுக்கவே மாட்டார்கள். ஒரு கணக்குப் போடுவோம். நாலு பேர் கொண்ட மூன்று குழுக்கள். ஒவ்வொன்றுக்கும் வாரம் இரண்டு வகுப்பு. பிள்ளைக்கு மாதம் 1,000 ரூபாய். ஆக 12,000 ரூபாய். வகுப்புகள் மாதம் 24. முன்னும் பின்னும் ஆகும் நேரத்தையும் சேர்த்து ஒவ்வொன்றுக்கும் ஒரு மணி என்று வைப்போம். தயாரிப்புக்கும், வாட்ஸ்அப்பில் வரும் நோட்டுப் படங்களைத் திருத்தவும் அதே அளவு நேரம் என்றால் மொத்தம் 48 மணி நேரம். மணிக்கு 250 ரூபாய். பெரும் பணம் இல்லை. ஆனால் இல்லம் தேடிக் கல்வியின் 33 ரூபாயோடு வைத்துப் பாருங்கள். உள்ளூரில் இந்தக் கட்டணம் கிடைக்காது, வெளியூர், வெளிநாட்டுப் பெற்றோரிடம் கிடைக்கும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பன்னிரண்டு பிள்ளைகள் முதல் மாதமே வந்துவிடவும் மாட்டார்கள். முதலில் வரும் இரண்டு பேர் சித்தி பிள்ளையும் பக்கத்து வீட்டு அக்கா பிள்ளையுமாக இருப்பார்கள், அதுவும் காசில்லாமல். அவர்கள் அம்மாக்கள் வாய்வழியாகச் சொல்லித்தான் மூன்றாவது பிள்ளை வரும்.

மாதக் கட்டணத்தை மாதத் தொடக்கத்திலேயே வாங்கிவிடுவது, பிள்ளை லீவு போட்டால் என்ன, டீச்சர் லீவு போட்டால் என்ன என்று முன்பே சொல்லிவிடுவது, இரண்டும் மனக்கசப்பைத் தவிர்க்கும். அமெரிக்கா, சிங்கப்பூர், அமீரகம் உள்ளிட்ட 10 நாடுகளில் இருக்கும் இந்தியர்கள் அந்த நாட்டுக் கைப்பேசி எண்ணோடு தங்கள் என்ஆர்ஐ கணக்கிலிருந்து யுபிஐ அனுப்ப 2023-ல் வழி பிறந்துவிட்டது. பணம் வாங்குவது முன்போல் சிக்கல் இல்லை. பணம் வாங்க யாரும் ரகசிய எண்ணைப் போட வேண்டியதில்லை. ‘ஃபீஸ் அனுப்பியிருக்கேன், இந்த கியூஆரை ஸ்கேன் பண்ணி பின் போடுங்க மேடம்’ என்று யாராவது சொன்னால் அவர் பெற்றோர் அல்ல. ‘ஆன்லைன் ஆசிரியர் வேலை, பதிவுக் கட்டணம் மட்டும் கட்டுங்கள்’ என்பவர்களும் அதே ரகம். ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டாதவரை ஜிஎஸ்டி பதிவு பற்றிக் கவலைப்பட வேண்டாம். அந்தக் கவலை வந்தால் சந்தோஷம்தான்.

சட்டம் ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். 2009-ம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், பிரிவு 28-ல், பள்ளி ஆசிரியர்கள் தனி டியூஷன் எடுக்கக் கூடாது என்கிறது. அரசுப் பள்ளியில் வேலை கிடைத்ததும் இந்த வகுப்புகளை நிறுத்தத்தான் வேண்டும். அடுத்தது பிள்ளைகளின் பாதுகாப்பு. 2023-ன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்கு உட்பட்டவர்களின் தகவலைக் கையாளப் பெற்றோர் சம்மதம் கேட்கிறது. சட்டம் இருக்கட்டும், பிள்ளையின் முகத்தைத் திரையோடு படமெடுத்து ‘எங்கள் வகுப்பு’ என்று ஸ்டேட்டஸில் போடுவது நாகரிகமில்லை. பிள்ளையோடு தனியாக வாட்ஸ்அப்பில் பேசாமல் பெற்றோரும் இருக்கும் குழுவில் மட்டும் பேசுவது டீச்சருக்கும் பாதுகாப்பு.

அரசிடம் கேட்க என்ன இருக்கிறது? புதுத் திட்டம், புதுப் பெயர், திறப்பு விழா எதுவும் வேண்டாம். இல்லம் தேடிக் கல்வியில் வேலை பார்த்தவர்களின் பட்டியல் பள்ளிக் கல்வித் துறையிடம் இருக்கிறது. வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கான பாடத்திட்டமும் புத்தகங்களும் தமிழ் இணையக் கல்விக்கழகத்திடம் இருக்கின்றன. இரண்டையும் சேர்த்து, பேச்சுத் தமிழ் சொல்லிக்கொடுக்க ஒரு குறுகிய பயிற்சியும், முடித்தவர்களுக்கு ஒரு சான்றிதழும் கொடுக்கலாம். அந்தச் சான்றிதழ் கையில் இருந்தால், டொராண்டோவில் இருக்கும் அப்பா ஒருவர் செஞ்சியில் இருக்கும் முன்பின் தெரியாத டீச்சரை நம்பிப் பிள்ளையை ஒப்படைப்பார். கட்டணத்தை அரசு வாங்க வேண்டாம், நிர்ணயிக்கவும் வேண்டாம்.

இரண்டாவது, அறை. சென்னை கொளத்தூரில் 2024 நவம்பரில் ‘முதல்வர் படைப்பகம்’ திறந்தார்கள். படிக்கிறவர்களும் வேலை பார்க்கிறவர்களும் வந்து உட்கார இடம். தலைநகருக்குக் கிடைத்தது பேரூராட்சிக்கும் கிடைக்கலாம், சின்ன அளவில். சுதந்திர இந்தியாவிலேயே முதலில், 1948-ல், பொது நூலகச் சட்டம் இயற்றிய மாநிலம் இது. இன்றைக்கும் சொத்து வரி கட்டும் ஒவ்வொருவரும் அதன்மேல் 10 சதவீதம் நூலக வரி கட்டுகிறோம். செஞ்சி நூலகத்தில் கதவு சாத்தக்கூடிய, நல்ல இணையமும் தடையில்லா மின்சாரமும் உள்ள மூன்று சிறு அறைகள் போதும். மணிக்கு இருபது ரூபாய் வாங்கட்டும். மாலை நாலு மணியிலிருந்து இரவு எட்டு வரை திறந்திருக்க வேண்டும், கழிப்பறை ஒழுங்காக இருக்க வேண்டும், குழந்தையைக் கூட்டிக்கொண்டு வருகிறவரைத் திருப்பி அனுப்பக் கூடாது. பேரூராட்சியின் அடுத்த கூட்டத்தில் இதை யாராவது ஒரு கவுன்சிலர் எழுந்து கேட்கலாம். உலக மரபுச் சின்னத்துக்கான வசதிகளைப் பற்றிப் பேசி முடித்த பிறகு கேட்டாலும் சரி.